வன்னியில் இருந்து போசணைத் துறைக்குப் போவது எப்படி

ஏ.எல். முடிவு வந்த கையோடு பயோ படித்த பிள்ளைகளின் வீடுகளில் ஓடுகிற கதை ஒன்றுதான்: மெடிசின் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன? அடுத்தது என்று தாதியம், மருந்தாளர், ஆய்வுகூடம் என ஒரு வரிசை சொல்லுவார்கள், சிலர் விவசாய பீடம் என்பார்கள், போசணை என்று மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பிள்ளையே கேட்டாலும் "சாப்பாடு சொல்லிக் குடுக்கிறதுக்கு ஒரு படிப்போ" என்று மாமா ஒருவர் கதையை முடித்துவிடுவார்.

மாமா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கையும் சேர்த்துப் பார்த்தாலும் டயட்டீஷியன், அதாவது உணவுமுறையியலாளர், என்று பலகை தொங்குகிற அறைகள் மிகக் குறைவு. ஆனால் சுகர் கிளினிக்கில் விடியக்காலையில் போய் நம்பர் எடுத்துக் காத்திருக்கிற கூட்டத்தையும், டயலிசிஸுக்கு வாரத்தில் இரண்டு மூன்று தரம் பஸ் ஏறுகிற ஆட்களையும் பார்த்தவர்களுக்கு, இங்கே தேவை இல்லை என்று சொல்ல மனம் வராது. தேவை இருக்கிறது, பதவி குறைவு. இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டு இறங்கினால் பிழைத்துக்கொள்ளலாம், தெரியாமல் இறங்கினால் நான்கு வருடம் படித்துவிட்டு மருந்துக் கம்பனியில் பால்மா விற்க நேரிடும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். எந்தப் பாடநெறியைப் பார்த்தாலும், இதில் வாட்டில் நின்று, தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில், உண்மையான நோயாளியைப் பார்க்கிற பயிற்சி எத்தனை மணித்தியாலம் என்று முதலில் கேளுங்கள். கட்டணமும் சான்றிதழின் நிறமும் அதற்குப் பிறகு. வெளிநாட்டில் பதிவு செய்யப் போனாலும், இங்கே வேலைக்குப் போனாலும் உங்களை மற்றவர்களிடம் இருந்து பிரித்துக் காட்டப்போவது அந்த மணித்தியாலங்கள்தான்.

முதலில், வேலை என்றால் என்ன வேலை

நோயாளிக்கு என்ன நோய், இரத்த அறிக்கை என்ன சொல்கிறது, அவரால் எதை மெல்ல முடியும், எதை விழுங்க முடியும், வீட்டில் யார் சமைக்கிறார்கள், கையில் காசு எவ்வளவு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அவர் என்ன சாப்பிட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் மருத்துவப் போசணை. உலகம் முழுக்க இதை நான்கு படியாகச் செய்கிறார்கள்: மதிப்பிடுவது, போசணைப் பிரச்சினை இதுதான் என்று எழுதுவது, திட்டம் போட்டுச் செயற்படுத்துவது, திரும்ப வரும்போது அளந்து பார்ப்பது. நோயை நிர்ணயிப்பது மருத்துவரின் வேலை. அதற்குள் நாம் கை வைப்பதில்லை.

பாடப்புத்தகத்தில் 24 மணி நேர உணவு நினைவுகூரல் என்று ஒன்று வரும். நேற்று விழித்ததில் இருந்து படுக்கும்வரை வாய்க்குள் போனது எல்லாவற்றையும் கேட்டு எழுதுவது. படிக்கும்போது இதைவிட லேசான பாடம் இல்லை. நம்ம பக்கத்தில் அது இப்படித்தான் நடக்கும்:

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள் ஐயா?"

"புட்டு."

"எத்தனை குழல்?"

"ஒண்டரை இருக்கும்."

"என்னோட?"

"ராத்திரிக் குழம்பு கிடந்தது. மீன் துண்டு பிள்ளையளுக்கு."

"தேத்தண்ணி?"

"அதுவும் கணக்கோ? வயலுக்குப் போகேக்க ஒண்டு, பத்து மணிக்கு ஒண்டு, பிறகு..."

பிறகு எண்ணிப் பார்த்தால் ஆறு வரும். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் பத்து கிராம், ஆறு கோப்பைக்கு 60 கிராம், அதாவது 240 கிலோகலோரி. ஒரு நாளைக்கு 2,000 கிலோகலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற உச்ச அளவே ஏறக்குறைய 50 கிராம்தான். இந்த ஐயா தான் இனிப்புப் பக்கமே போவதில்லை என்று சத்தியம் பண்ணுவார், அவர் பொய் சொல்லவும் இல்லை, தேத்தண்ணியை அவர் இனிப்பாகவே நினைக்கவில்லை. மீன் துண்டு பிள்ளைகளுக்குப் போகிறது என்று போகிற போக்கில் சொன்னதையும் கவனியுங்கள், அவருடைய புரதம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. இப்படிக் கேட்டு வாங்குவதற்கு எந்தச் செயலியும் உதவாது, முன்னால் உட்கார்ந்து பழக வேண்டும்.

இன்னொன்று, சிறுநீரகம். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் அனுராதபுரத்தோடு நின்றுவிடவில்லை, வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் இருக்கிறது. வன்னியில் இந்தத் துறைக்கு வருகிறவர் சிறுநீரக உணவுமுறையைக் கட்டாயம் நன்றாகப் படிக்க வேண்டும், விருப்பப் பாடமாக விட்டுவிட முடியாது. டயலிசிஸ் தொடங்குவதற்கு முன்னால் புரதத்தைக் கட்டுப்படுத்தச் சொல்கிறோம், உடல் நிறையின் கிலோ ஒன்றுக்கு 0.6 தொடக்கம் 0.8 கிராம் என்ற அளவில். டயலிசிஸ் தொடங்கிவிட்டால் கதை தலைகீழ்: சுத்திகரிப்பில் அமினோ அமிலங்கள் இழக்கப்படுவதால் 1.0 தொடக்கம் 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ ஆள் ஒருவருக்கு நேற்றுவரை 36 தொடக்கம் 48 கிராம், இன்றைக்கு 60 தொடக்கம் 72. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது, கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நோயாளியின் தலையில் பழைய அறிவுரைதான் நிற்கும், "டொக்டர் மீன், முட்டை குறைக்கச் சொன்னவர்" என்று டயலிசிஸ் கதிரையில் இருந்துகொண்டே மெலிந்து போவார். யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து "இப்ப நீங்கள் கூடச் சாப்பிட வேணும்" என்று சொல்லி, ஏன் என்றும் சொல்ல வேண்டும். அந்த ஒருவர்தான் நீங்கள்.

பொட்டாசியமும் அப்படித்தான். இளநீர், வாழைப்பழம், முருங்கை இலை எல்லாவற்றையும் சிறுநீரக நோயாளி என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்துகிற பழக்கம் இருக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருக்கிறதா என்று அறிக்கையைப் பாராமல் இப்படித் தடை போட்டால் அந்த மனிசனுக்குச் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது. கூடியிருந்தால் கட்டுப்படுத்தத்தான் வேண்டும், அப்போதும் மரக்கறியைச் சிறிதாக வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கலாம். கருவாடும் ஊறுகாயும் வேறு விஷயம், அவற்றை விடச் சொல்லுங்கள், உப்புக் குறைந்தால் தாகமும் குறையும். தண்ணீர் அளந்து குடிக்க வேண்டிய ஒருவருக்கு, அதுவும் சித்திரை வெயிலில், அது பெரிய ஆறுதல்.

பள்ளிக்கூடத்தில் இருந்தே தொடங்குகிறவர்களுக்கு

உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல் இரண்டும் வேண்டும். மூன்றாவதாகப் பௌதிகவியல் எடுப்பதா விவசாய விஞ்ஞானம் எடுப்பதா என்று யோசிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: விவசாயம் எடுத்தால் மருத்துவ பீடம் அத்தோடு முடிந்தது. மற்றப் பட்டங்களுக்கு எந்தப் பாடச் சேர்க்கை பொருந்தும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடுகிற அனுமதிக் கைநூலில் பாருங்கள், ரியூசன் மாஸ்டர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

அரச பல்கலைக்கழகங்களில் போசணையைப் பெயரிலேயே வைத்திருக்கிற பட்டம் என்றால் முதலில் சொல்ல வேண்டியது வயம்ப பல்கலைக்கழகம். மாக்கந்துரவில் உள்ள கால்நடை, மீன்பிடி, போசணை பீடத்தில் உணவு விஞ்ஞானமும் போசணையும் என்ற நான்கு வருடப் பட்டம். ஆங்கில மூலம். சுற்றியிருக்கிற ஊர் சிங்களம் பேசும் ஊர், அதற்குப் பயந்து விருப்பப் பட்டியலில் கீழே போடுகிற பிள்ளைகள் உண்டு. பயப்படாதீர்கள், அந்தச் சிங்களம் பிறகு கொழும்பு வைத்தியசாலைகளில் உங்களுக்கு உதவும், அரச சேவைக்குப் போனாலும் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்பார்கள்.

இசட் புள்ளி பற்றிக் கொஞ்சம். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகிறது. அந்தப் 16க்குள் வன்னியின் நான்கு மாவட்டங்களும் வருகின்றன. கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காத புள்ளியில் உங்களுக்குக் கிடைக்கலாம், ஆகவே விருப்பப் பட்டியலை நிரப்பும்போது கூச்சப்படாதீர்கள். கடந்த வருடங்களின் மாவட்ட வெட்டுப்புள்ளிகள் இணையத்தில் கிடக்கின்றன, எடுத்து வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

அது கிடைக்காவிட்டால்? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, வீட்டில் இருந்தே போய்வரக்கூடியவர்கள் நிறையப் பேர். பேராதனை, சப்ரகமுவ, ஜயவர்தனபுர என்று உணவு விஞ்ஞானம், உணவுத் தொழில்நுட்பம் படிக்கிற இடங்களும் உண்டு. பட்டம் முடித்தபிறகு பேராதனையில் உள்ள விவசாயப் பட்டப்பின் கல்வி நிறுவகம் போன்ற இடங்களில் உணவு, போசணை சார்ந்த மேற்படிப்புக்குப் போகலாம். ஆனால் இந்த வழியில் வருகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்திருங்கள்: உணவுத் தொழில்நுட்பம் தொழிற்சாலையைப் பார்த்து நிற்கிற படிப்பு. பழச்சாறு எத்தனை மாதம் பழுதாகாமல் இருக்கும் என்று அதில் படிப்பீர்கள், குழாய் வழி உணவு எடுக்கிற நோயாளிக்கு மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று படிக்க மாட்டீர்கள். வாட்டுப் பயிற்சியை நீங்களே தேடி எடுக்க வேண்டிவரும்.

மெடிசினே கிடைத்துவிட்டது, ஆனால் போசணையில் ஆர்வம் என்றால், மருத்துவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வழியாகப் போகிற பாதை தனி. நாட்டில் போசணை மருத்துவ நிபுணர்கள் இருக்கிறார்கள். மருத்துவ பீட சீனியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள், இங்கே நீட்டவில்லை.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள்

இவர்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வன்னியில் இன்றைக்குப் போசணை வேலையில் பெரும்பகுதியைச் செய்வது டயட்டீஷியன்கள் இல்லை, குடும்பநல உத்தியோகத்தர்கள். ஊரில் மிட்வைஃப் அக்கா என்று கூப்பிடுகிற அதே ஆட்கள். கர்ப்பிணித் தாயின் நிறை, பிள்ளையின் வளர்ச்சி வரைபு, திரிபோஷாச் சத்துமா, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு என்ன குழையல் என்று எல்லாம் அவர்கள் கையில். திரிபோஷாப் பையை முழு வீடும் பங்குபோட்டுச் சாப்பிடுகிறது, நிறை குறைந்த பிள்ளைக்கு ஒரு பிடிதான் போகிறது என்பது அவர்களுக்குத் தெரிகிற மாதிரிக் கொழும்பில் திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியாது.

நீங்கள் தாதி, குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று ஏற்கெனவே சுகாதார சேவைக்குள் இருந்தால், வேலையை விட்டுவிட்டுப் புதிதாகப் பட்டம் தொடங்க அவசரப்படாதீர்கள். உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, நோயாளியைத் தொட்ட அனுபவம். யுனிசெஃபின் அகோரா தளத்தில் இலவசப் போசணைப் பாடங்கள் இருக்கின்றன, அவற்றில் தொடங்கி, அப்புறம் உங்கள் தகுதிக்கு அனுமதி தருகிற மேற்படிப்பைத் தேடுங்கள். சுகர் கிளினிக்கிலோ டயலிசிஸ் பிரிவிலோ வேலை பார்க்கிற தாதி ஒருவர் போசணையும் படித்துவிட்டால் அந்தப் பிரிவு முழுக்க அவரைத்தான் தேடும்.

இந்தியா, வெளிநாடு

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு நம்மைவிடப் பல காலம் முந்தியது. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம், சென்னை ராமச்சந்திரா, எத்திராஜ் என்று போசணையும் உணவுமுறையியலும் படிக்கிற இடங்கள் பல. தமிழில் நோயாளியோடு பேசி வாட்டில் பழகலாம் என்பது நமக்குப் பெரிய வசதி, சாப்பாடும் ஏறக்குறைய நம்ம சாப்பாடு. படித்து முடித்து வைத்தியசாலைப் பயிற்சியும் பெற்றவர்களுக்கு இந்திய உணவுமுறையியலாளர் சங்கம் பரீட்சை வைத்துப் பதிவு தருகிறது. இந்திய அரசின் புலமைப்பரிசில்களைக் கொழும்பில் உள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும். மருத்துவம், துணை மருத்துவம் அதில் சேராது என்று நிபந்தனை வைப்பதுண்டு, நீங்கள் எடுக்கும் பட்டம் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

வெளிநாட்டுப் பட்டம் எடுத்துக்கொண்டு இங்கே திரும்பி வர நினைப்பவர்கள், போவதற்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகத்தை இங்குள்ள மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். வந்தபிறகு பார்த்துப் பிரயோசனம் இல்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வெளிநாட்டுப் பட்டம் தருகிறோம் என்று சொல்கிற தனியார் நிறுவனங்களுக்கும் இதே சோதனைதான்.

இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா என்று போக எண்ணமுள்ளவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள். இங்கிலாந்தில் டயட்டீஷியன் என்ற பெயர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, எச்சிபிசி என்கிற சுகாதாரத் தொழில்சார் பேரவையில் பதிவில்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது, நியூட்ரிஷனிஸ்ட் என்று யாரும் போட்டுக்கொள்ளலாம். நம்ம நாட்டுப் போசணைப் பட்டத்தோடு நேரே போய் விண்ணப்பித்தால் அவர்கள் தேடுவது உங்கள் மேற்பார்வைப் பயிற்சி மணித்தியாலங்களை. அது இல்லாவிட்டால் அங்கேயே பதிவுக்குரிய எம்எஸ்சி ஒன்றைப் படிக்க வேண்டிவரும். ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டிஎஸ் மொத்தம் 7.0, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையாமல். அமெரிக்காவில் 2024 ஜனவரி முதலாம் திகதியில் இருந்து பதிவுப் பரீட்சை எழுதவே முதுகலைப் பட்டம் வேண்டும், அதோடு ஆயிரம் மணித்தியாலத்துக்குக் குறையாத மேற்பார்வைப் பயிற்சியும். கனடாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனி ஒழுங்குபடுத்தும் சபை. ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மா "வா, இங்க வந்தா உடன வேலை" என்பார், அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் அவர் ஒன்ராறியோவின் விதிகளைப் பார்த்துச் சொல்லவில்லை.

வாட்டுக்குள் கால் வைப்பது

படிக்கும்போதே விடுமுறையில் உங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலையின் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பல்கலைக்கழகத் துறைத் தலைவரின் கடிதமும் சேர்த்து. என்ன பார்க்க விரும்புகிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள்: நீரிழிவுக் கிளினிக், சிறுவர் விடுதி, டயலிசிஸ் பிரிவு, சமையலறை. சமையலறையை விட்டுவிடாதீர்கள். உப்பில்லாச் சாப்பாடு என்று அட்டையில் எழுதினால் அது சட்டியில் எப்படி வருகிறது, வாட்டுக்கு எப்போது போகிறது, அதே நேரத்தில் வீட்டில் இருந்து வருகிற பார்சலில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதிப் படிப்பு அங்கேயே முடிந்துவிடும். வைத்தியசாலை கிடைக்காவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், கிளினிக் நாட்களில் நிறை நிறுக்க, உயரம் பார்க்க ஆள் போதாமல் இருப்பார்கள்.

சிறுவர் பக்கம் போனால் மேல் கை நடுச் சுற்றளவு நாடாவைக் கையாளப் பழகுங்கள். ஆறு மாதத்தில் இருந்து 59 மாதம் வரையான பிள்ளையில் 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே என்றால் கடும் போசணைக் குறைபாடு, உடனே அனுப்ப வேண்டும். நாடாவை இறுக்கினாலும் தளர்த்தினாலும் அந்த அரைச் சென்ரிமீற்றர் மாறிவிடும், ஆகவே திரும்பத் திரும்ப அளந்து கை பழக வேண்டும்.

அப்புறம் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று, யாரும் சொல்லித்தர மாட்டார்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி உங்கள் ஊர்ச் சாப்பாட்டை நிறுத்து எழுதுங்கள். உங்கள் அம்மாவின் புட்டுக் குழலில் ஒரு குழல் எத்தனை கிராம், இடியப்பம் ஒன்று எவ்வளவு, ஒரு சுண்டு அரிசி போட்டால் எவ்வளவு சோறு, அகப்பை ஒன்றுக்கு எவ்வளவு பருப்பு, சிரட்டை அளவுத் தயிர் எவ்வளவு. சமைக்காத 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கிலோகலோரி, அதையே சோறாக்கினால் தண்ணீர் ஏறி 100 கிராம் சோற்றுக்கு 130 அளவில் வரும், இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நோயாளியைப் பட்டினி போட்ட கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஐதராபாத் தேசியப் போசணை நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு ஆக்க அட்டவணை கையில் இருக்கட்டும், நம்ம பயறு, உழுந்து, குரக்கன், கீரை எல்லாம் அதில் வருகின்றன. ஒடியல் கூழ், பாலைப்பழம், குளத்து மீன் கறி என்று நம்ம பக்கத்துச் சாப்பாடுகளுக்கு உங்கள் கொப்பிதான் அட்டவணை. வெளிநாட்டுச் செயலியில் புட்டு என்று தேடினால் கேரளத்துப் புட்டு வரும், அதுவும் யாரோ ஒருவர் குத்துமதிப்பாகப் போட்ட எண்ணோடு.

வேலை எங்கே

அரச வைத்தியசாலைப் பதவிகள் வரும்போது வெள்ளிக்கிழமை வெளிவருகிற வர்த்தமானியில் வரும். எண்ணிக்கை குறைவு, பெரிய வைத்தியசாலைகள்தான் முதலில் வாங்கிக்கொள்ளும். அதை நம்பி வீட்டில் காத்திருக்காதீர்கள். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வேறு வேலையில் இருங்கள்.

கொழும்புத் தனியார் வைத்தியசாலைகள் எடுக்கின்றன. சம்பளம் தொடக்கத்தில் பெரிதாக இராது, வாடகையும் சாப்பாடும் அதில் பாதியைத் தின்னும், ஆனால் இரண்டு வருடம் அங்கே நின்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு, புற்றுநோய், சத்திரசிகிச்சைக்குப் பிந்திய உணவு என்று இங்கே பத்து வருடத்திலும் பார்க்காததைப் பார்ப்பீர்கள். என்னைக் கேட்டால் புதிதாக வருகிறவர் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். தமிழ் தெரிந்த டயட்டீஷியன் அங்கேயும் அருமை, வடக்கு கிழக்கில் இருந்தும் மலையகத்தில் இருந்தும் வருகிற நோயாளிகளை உங்களிடம்தான் அனுப்புவார்கள்.

அரச சார்பற்ற நிறுவனங்களும் ஐநா அமைப்புகளும் போருக்குப் பிறகான வருடங்களில் வன்னியில் நிறையப் போசணை வேலை செய்தன, இப்போதும் திட்டங்கள் வருகின்றன. கள உத்தியோகத்தர், கண்காணிப்பு உத்தியோகத்தர் என்ற பெயர்களில் தேடுங்கள், போசணை என்று தலைப்பில் இராது. மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிய வேண்டும், எக்செல் தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிய வேண்டும். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், அதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். இது சமூகப் போசணை, மருத்துவப் போசணை அனுபவமாக எண்ண மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

சொந்தமாகச் செய்வது நான்காவது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தனியார் மருத்துவ நிலையம் ஒன்றில் வாரத்தில் இரண்டு பின்னேரம் உட்கார இடம் கேட்கலாம். முதல் மாதங்களில் ஆள் வராது. ஆலோசனைக்குக் காசு கொடுக்கிற பழக்கம் நம்ம சனத்துக்கு இல்லை, மருந்து தந்தால்தான் காசு, பேச்சுக்கு ஏன் காசு என்பார்கள். மருத்துவர் ஒருவர் துண்டு எழுதி அனுப்பினால் வருவார்கள், ஆகவே மருத்துவர்களோடு உறவு முக்கியம்: நீங்கள் பார்த்த நோயாளி பற்றி அரைப் பக்கம் எழுதி அவருக்குத் திருப்பி அனுப்புங்கள், அடுத்த நோயாளி தானாக வருவார். இணையவழியில் வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களைப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். வருமானம் நல்லது, ஆனால் அந்தந்த நாட்டில் டயட்டீஷியன் என்று போட்டுக்கொள்ள அந்த நாட்டுப் பதிவு வேண்டும் என்று மேலே சொன்னது ஸூமுக்கும் பொருந்தும்.

விலகி நிற்க வேண்டியவை

இரண்டு வாரத்தில் டயட்டீஷியன் ஆக்குகிறோம் என்கிற இணையச் சான்றிதழ்கள். அறிவுக்காகப் படியுங்கள், பெயருக்குப் பின்னால் போடாதீர்கள்.

சங்கிலி விற்பனைக்காரர்கள். நீங்கள் போசணை படிக்கிறீர்கள் என்று தெரிந்த அடுத்த கிழமையே யாராவது ஒருவர் மா டப்பாவோடு வருவார், பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார், உங்கள் பட்டத்தைக் காட்டி விற்றால் இவ்வளவு கொமிஷன் என்று கணக்குப் போட்டுக் காட்டுவார். சிறுநீரக நோயாளிக்கு என்ன இருக்கிறது என்று தெரியாத புரத மாவைக் கொடுத்து ஏதாவது நடந்தால் அவர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

கடைசியாக, உங்கள் எல்லை. சுகர் கட்டுப்பட்டுவிட்டது, சாப்பாட்டை ஒழுங்காக்கிவிட்டேன், இனிக் குளிசையை விடலாமா என்று நோயாளி உங்களிடம் கேட்பார், மருத்துவரிடம் கேட்கப் பயந்து உங்களிடம்தான் கேட்பார். மருந்தைக் குறைக்கிற உரிமை உங்களுக்கு இல்லை. அதுவும் இன்சுலின் போடுகிறவர் சோற்றைக் குறைத்திருந்தால் இரத்தச் சீனி சட்டென்று இறங்கி மயங்கிவிடலாம், ஆகவே உணவைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னாலேயே அவர் என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டு, கிளினிக் மருத்துவருக்கு எழுதி, அவரிடம் இருந்து பதில் வந்தபிறகு தட்டை மாற்றுங்கள்.